முதலைத் திகில் படத்தில் தப்பு நுழையும் இடங்கள்: அமராவதி, சின்னார் எல்லையில் படம் பிடிப்பவர்களுக்கு

அமராவதி அணையில் வலை போடுகிற ஒருவர் உடுமலை தியேட்டரில் உட்கார்ந்து உங்கள் படத்தைப் பார்க்கிறார். திரையில் முதலை வாயைப் பிளந்து நாக்கை நீட்டுகிறது. அவருக்கு அங்கேயே பயம் விட்டுப்போகும். முதலையின் நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியிருக்கும், வெளியே வரவே வராது என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார், அந்த வரிசையே சிரித்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு செலவு செய்து எடுத்த காட்சி வந்தாலும் அந்த வரிசையைத் திரும்பப் பயமுறுத்த முடியாது.

உடுமலை, பொள்ளாச்சி, வால்பாறை, மறையூர் பக்கம் விலங்குத் திகில் படமோ குறும்படமோ எடுக்க வருகிற உதவி இயக்குநர்களுக்கும், ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று கன்டினியூட்டி பார்ப்பவர்களுக்கும், சி.ஜி. (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) வேலையை மேற்பார்வை பார்ப்பவர்களுக்கும் இது. முதலைக்குத்தான் அதிக இடம். பாம்பும் சிறுத்தையும் அடுத்து வரும்.

கதைக்கு வேண்டிய பொய்யை முதலில் எழுதி வையுங்கள்

திகில் படத்தில் பொய் இருக்கும். அது எந்தப் பொய் என்று நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் ஃபைலின் முதல் பக்கத்தில் இரண்டு வரி போதும்: "இந்த முதலை 7 மீட்டர் நீளம். மனிதர்களைத் தேடி வரும்." இந்த இரண்டைத் தவிர மற்றதெல்லாம் நிஜ முதலையாக இருக்கட்டும். ஷூட்டிங் நடுவில் யாராவது "முதலை மரத்தில் ஏறினால் நன்றாக இருக்குமே" என்றால் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் மூன்றாவது வரியாக எழுதி, அதற்கு முன்னால் எடுத்த காட்சிகளையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும்.

அமராவதி நீர்த்தேக்கத்தில் இருப்பது சதுப்புநில முதலை. மக்கர் என்றும் சொல்வார்கள். வளர்ந்த ஆண் 3 முதல் 4 மீட்டர் இருக்கும், 5 மீட்டரைத் தொடுவது அபூர்வம். கதைக்காக 7 மீட்டர் ஆக்கினால் உடம்பின் மற்ற அளவுகளும் கூடவே வளர வேண்டும். தலை மொத்த நீளத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு, வால் ஏறத்தாழ பாதி. அப்படியென்றால் தலை 1 மீட்டர், வால் மூன்றரை மீட்டர். தப்பு நடப்பது இங்கேதான். குளோசப்புக்கு ஆர்ட் டிபார்ட்மென்ட் ஒன்றரை மீட்டர் தலை செய்துவிடும், வைட் ஷாட்டுக்கு சி.ஜி.காரர் 5 மீட்டர் உடம்பு செய்வார், பரிசலுக்குப் பக்கத்தில் வரும்போது அது பரிசல் நீளத்துக்குச் சுருங்கிவிடும். ஒரே படத்தில் மூன்று முதலை.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. கடையில் 20 அடி நீள பி.வி.சி. பைப் கிடைக்கும். மூன்றடித் துண்டு ஒன்றை அதோடு கோத்தால் 23 அடி, ஏறத்தாழ 7 மீட்டர். முனையிலிருந்து 1 மீட்டரில் சிவப்புப் பட்டை, மூன்றரை மீட்டரில் வெள்ளைப் பட்டை ஒட்டுங்கள். முதலை வர வேண்டிய ஒவ்வொரு ஷாட்டிலும் நடிகர்கள் நின்ற பிறகு, டேக் போவதற்கு முன், அந்தப் பைப்பை முதலை கிடக்கும் இடத்தில் கிடத்தி ஐந்து விநாடி ரெக்கார்ட் செய்யுங்கள். சி.ஜி.காரருக்கு அளவு சொல்ல இதைவிட நம்பகமான வழி கிடையாது.

உடம்பு

பல்லிலிருந்து தொடங்கலாம். முதலை வாயை மூடினாலும் பல் தெரியும். கீழ்த்தாடையின் நான்காவது பல் மேல்தாடையில் உள்ள பள்ளத்தில் வெளிப்பக்கமாகப் பொருந்தி நிற்கும். அமெரிக்க அலிகேட்டருக்கு அந்தப் பல் உள்ளே மறைந்துவிடும். நம் சதுப்புநில முதலைக்கும் மூக்கு அகலமாக இருப்பதால், ரெடிமேட் சி.ஜி. மாடலோ ஸ்டாக் வீடியோவோ வாங்கும்போது அலிகேட்டரை வாங்கிவிடுவது சகஜம். வாய் மூடிய படத்தைக் கேட்டு வாங்கி அந்த நான்காவது பல்லைப் பாருங்கள். இந்தியாவில் காட்டு அலிகேட்டர் கிடையாது.

அடுத்தது கழுத்து. சதுப்புநில முதலைக்குத் தலையை ஒட்டிப் பிடரியில் நான்கு பெரிய செதில்கள் வரிசையாக இருக்கும். உப்புநீர் முதலைக்குப் பெரும்பாலும் அந்த இடம் வெறுமையாக இருக்கும். நெட்டில் கிடைக்கும் "பிரம்மாண்ட முதலை" படங்களில் பாதிக்கு மேல் உப்புநீர் முதலைதான். மேலிருந்து டிரோன் ஷாட் வைப்பதாக இருந்தால் இந்த நான்கு செதில் கட்டாயம் வேண்டும். நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. காமிக்ஸ் பச்சை வேண்டாம்.

கால் விரலில் முக்கால்வாசிப் பேர் தவறுவார்கள். முன்காலில் ஐந்து விரல், பின்காலில் நான்கு. ஒவ்வொரு காலிலும் உள்பக்கத்து மூன்று விரலுக்குத்தான் நகம். சேற்றில் தடம் பதிக்கும் காட்சி இல்லாத முதலைப் படமே இல்லை என்பதால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். எபாக்சி புட்டியில் முன்கால் அச்சு ஒன்று, பின்கால் அச்சு ஒன்று செய்யுங்கள். ஒரே அச்சை நான்கு முறை குத்தாதீர்கள். இரண்டு வரிசைத் தடத்துக்கு நடுவே வால் இழுபட்ட கோடு லேசாக வளைந்து வளைந்து போக வேண்டும். கரையிலிருந்து தண்ணீருக்குள் சறுக்கி இறங்கிய இடமென்றால் கால் தடமே இருக்காது. வயிறு வழித்துப்போன வழவழப்பான பள்ளம்தான் இருக்கும்.

நீந்தும்போது கால்களை உடம்போடு ஒட்டிவிட்டு வாலால் தள்ளிக்கொண்டு போகும். சி.ஜி.யில் முதலை நாய் போலக் காலால் துடுப்புப் போட்டால் அந்த அனிமேஷனைத் திருப்பி அனுப்புங்கள். கரையில் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடப்பது உடல் சூட்டைச் சரிப்படுத்த. அதைக் கோபம் என்று காட்டி அடுத்த ஷாட்டிலேயே பாய வைப்பது தப்பு. காலை வெயிலில் முதலை கிடக்கும் கரையைப் பார்த்த எவரும் இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

கடி, துரத்தல், சாவு

கரும்புக்காட்டு வரப்பில் ஐந்து நிமிடம் ஆளைத் துரத்துகிற முதலை என்று எழுதியிருந்தால் அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். முதலை தரையில் சிறிது தூரம் வேகமாகப் பாயும், அதற்குள் களைத்துவிடும். அது துரத்திப் பிடிக்கும் விலங்கு இல்லை, கிடந்து பிடிக்கும் விலங்கு. துறையில் மூக்கும் கண்ணும் மட்டும் தண்ணீர் மட்டத்தில் வைத்துக் காத்திருக்கும். முதலை உள்ள ஆறுகளில் ஒரே துறையில் தினமும் ஒரே நேரத்தில் இறங்காதீர்கள் என்று எச்சரிப்பது இதனால்தான். முதல் நாள் ஒரு பெண் குடத்தை முக்குகிறாள், இரண்டாம் நாளும் அதே கல்லில் நிற்கிறாள், மூன்றாம் நாள் கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொஞ்சம் கனமாக அசைகிறது. ஓட்டக்காட்சியை விட இது எத்தனையோ மடங்கு பயம் தரும், செலவும் குறைவு.

முதலைக்கு மென்று தின்னத் தெரியாது. கடித்துப் பிடிக்கும், உடம்பைச் சுழற்றிப் பிய்க்கும், பிய்த்ததைத் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி விழுங்கும். ஆகவே கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாகத் துண்டான கால் முதலைக் கடி ஆகாது. மேக்கப் ஆளிடம் இப்படிச் சொல்லுங்கள்: இரண்டு பக்கமும் அரைவட்டமாகக் குத்திய ஓட்டைகள், அவற்றுக்கிடையே கிழிசல், சுற்றிலும் கன்றிய நீலம். கடிபட்டுச் சாகிறவர்களில் பலர் மூழ்கித்தான் சாகிறார்கள். தப்பித்தவருக்கு எலும்பு நொறுங்கியிருக்கும், காயத்தில் சீழ் வைக்கும். மறுநாள் காலை அதே காலால் கதாநாயகன் மலையேறினால் யாரும் நம்பமாட்டார்கள். வயிற்றைக் கிழித்து ஆளை உயிரோடு எடுக்கும் காட்சிக்கு வழியே கிடையாது.

தாடையை மூடும் தசை பலமானது, திறக்கும் தசை பலவீனமானது. பிடிபட்ட முதலையின் வாயைக் கயிறோ டேப்போ போட்டுக் கட்டிவிட முடிவது அதனால்தான். கதாநாயகன் கையால் தாடையைப் பிளந்து விரிக்கிற காட்சி தலைகீழ். வாயைப் பொத்திப் பிடித்தால் நம்பலாம்.

முட்டை விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். சதுப்புநில முதலை கரைச்சரிவில் குழி தோண்டி 25, 30 முட்டை இட்டு மூடிவிடும். மாசி, பங்குனியில் இட்டால் பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம். இலை தழைகளைக் குவித்து மேடு கட்டுவது உப்புநீர் முதலை. முட்டை ஓடு கெட்டியானது, உடைந்தால் சத்தம் வரும். பாம்பு முட்டை தோல் போல வளையும், உடையாது, கிழியும். ஃபோலி செய்பவருக்கு, அதாவது படத்துக்குத் தனியாகச் சத்தம் உண்டாக்குபவருக்கு, இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள்.

இருட்டில் மின்னும் கண்

இந்த ஒரு தப்பு எல்லாப் படத்திலும் இருக்கிறது, ஆகவே நிதானமாகப் பார்ப்போம். முதலையின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. டார்ச் அடித்தால் கண் ஆரஞ்சு கலந்த சிவப்பாக மின்னும். கண்ணில் தானாக வெளிச்சம் எதுவும் இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே திரும்பிப் போகும். அதனால் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் மின்னல் தெரியும்.

இப்போது உங்கள் ஷாட்டை எண்ணிப் பாருங்கள். நடிகர் பரிசலில் நின்று இடுப்பு உயரத்தில் டார்ச் பிடிக்கிறார். கேமரா கரையில் இருபது அடி பக்கவாட்டில் இருக்கிறது. அந்தக் கேமராவுக்குக் கண் மின்னாது. மின்ன வேண்டுமென்றால் நடிகரின் பார்வைக் கோணத்துக்கு ஒரு பி.ஓ.வி. ஷாட் வைத்து, லென்ஸுக்கு ஒட்டி விளக்கு பிடியுங்கள். நடிகரையும் டார்ச்சை நெற்றிப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். காட்டில் இரவு வேலை செய்பவர்கள் ஹெட்லைட் கட்டிக்கொள்வது கை ஓய்வாக இருக்க மட்டும் அல்ல, கண் மின்னுவது தெரிவதற்காகவும்தான். அமாவாசை இருட்டில், எந்த விளக்கும் இல்லாமல், இரண்டு சிவப்புப் புள்ளி தண்ணீரில் எரிவது பேய்ப்படத்துக்குச் சரி, முதலைப் படத்துக்குத் தப்பு. விளக்குத் திரும்பியதும் புள்ளி அணைய வேண்டும். திரும்ப அடித்தால் அது கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். பயம் அங்கேதான் இருக்கிறது.

இடமும் பருவமும்

வெளியூர்க் குழுவுக்கு "கேரள எல்லை" என்றாலே ஆனி, ஆடியில் கொட்டும் மழையும் பச்சைக் காடும்தான் நினைவுக்கு வரும். அமராவதிக்கு மேலே கேரளப் பக்கம் இருக்கும் சின்னார் சரணாலயம் அப்படி இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். முள்காடு, சதுரக்கள்ளி, வறண்ட பாறை. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆடியில் இங்கே காற்றுதான் பிய்க்கும்.

ஆனால் அதே ஆடியில் ஆனைமுடி, காந்தளூர் உயரத்தில் பெய்யும் மழை பாம்பாற்றில் இறங்கி அமராவதி அணைக்கு வரும். மேலே வானம் வெளுத்திருக்க, ஆறு மட்டும் செம்மண் நிறத்தில் திடீரென ஏறும். கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறு மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. திரைக்கதையில் வெள்ளம் வேண்டுமென்றால் மழை வண்டி வாடகைக்கு எடுக்காமலே இப்படி வரவழைக்கலாம். பார்ப்பவர் உள்ளூர்க்காரராக இருந்தால் நிமிர்ந்து உட்காருவார்.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துக் குட்டையில் முதலையை வைக்காதீர்கள். மார்கழி, தையில் புல்வெளியில் உறைபனி விழும் ஊர் அது. வெயில் காய்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் விலங்கு அங்கே பிழைக்காது. தேயிலைப் பின்னணிதான் வேண்டும் என்றால் விலங்கைச் சிறுத்தையாக மாற்றுங்கள்.

பேச்சு வழக்கு பற்றி ஒன்று. எல்லையில் விலங்குப் பெயர் மாறும். மலையாளத்தில் "புலி" என்றால் சிறுத்தை, நம் புலிக்கு அங்கே "கடுவா". கேரள வனக்காவலர் "புலி!" என்று கத்த, அடுத்த ஷாட்டில் வரிப்புலி வந்தால் பாலக்காட்டுப் பக்கம் ஒருவரும் ஏற்கமாட்டார்கள். ராஜநாகம் "ராஜவெம்பாலா", கட்டுவிரியன் "வெள்ளிக்கெட்டன்", கண்ணாடிவிரியன் "அணலி". மறையூர், காந்தளூர்க்காரர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே எல்லாருக்கும் கொச்சி மலையாளம் கொடுத்தால் காது கூசும். உடுமலைப் பக்கத்து மீனவர் ஆபத்தில்கூட மூத்தவரை "ஏனுங்கண்ணா, தண்ணிக்குள்ள போவாதீங்க" என்றுதான் கூப்பிடுவார். சென்னை "டேய் மச்சி" அவர் வாயில் வராது.

மலைவாழ் மக்களை மந்திரவாதிகளாகக் காட்டுவதும் பிழைக் கணக்கில்தான் சேரும். சின்னாரில் முதுவர், மலைப்புலையர் குடிகளைச் சேர்ந்த பலர் வனத்துறையில் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் வேலை செய்கிறார்கள். விலங்கைப் பற்றிய சரியான தகவல் உங்கள் படத்தில் யார் வாயிலாவது வர வேண்டுமென்றால் அது அவர்கள் வாயில்தான் பொருந்தும்.

பாம்பு இருந்தால்

பாம்புக்கு இமை கிடையாது, கண் சிமிட்டினால் தப்பு. நாகத்துக்குக் கண்மணி வட்டம், கண்ணாடிவிரியனுக்கும் சுருட்டைவிரியனுக்கும் செங்குத்துக் கோடு. சி.ஜி.காரர்கள் பயமாக இருக்கட்டும் என்று நாகத்துக்கும் கோடு போடுவார்கள். விரித்த படத்தில் மூக்குக்கண்ணாடிக் குறி இருப்பது நல்லபாம்பு. ராஜநாகத்துக்கு அந்தக் குறி இல்லை, படம் ஒடுக்கமாக நீளமாக இருக்கும். நல்லபாம்பு 2 மீட்டரைத் தாண்டுவது அரிது, ராஜநாகம் 3, 4 மீட்டர் சாதாரணம், 5 மீட்டருக்கு மேலும் போகும். மேற்குத்தொடர்ச்சி மலையின் ராஜநாகத்தைத் தனி இனமாக 2024-ல் பிரித்துவிட்டார்கள். அதன் முக்கிய உணவு மற்ற பாம்புகள். பெண் பாம்பு இலைகளைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிடும், வேறெந்தப் பாம்பும் இப்படிக் கூடு கட்டாது. திகில் படத்துக்கு இதைவிட நல்ல செட் கிடைக்குமா என்ன! காய்ந்த இலைக் குவியல், அதன் மேல் சுருண்ட பாம்பு, அந்தக் குவியலில் தெரியாமல் கால் வைக்கப்போகும் ஒருவர்.

கட்டுவிரியனுக்கு வெள்ளிக்கோல் வரையனைக் காட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். கட்டுவிரியனுக்கு வெள்ளைப் பட்டை கழுத்தில் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து பின்னால் போகப் போகத் தெளியும். வரையனுக்குக் கழுத்திலிருந்தே தெளிவாகத் தொடங்கி வாலில் மங்கும். அனகோண்டா தென் அமெரிக்காவுக்குச் சொந்தம். நம் காட்டில் பெரிய பாம்பு மலைப்பாம்புதான், அதற்கு விஷம் இல்லை.

கடிபட்ட பின் வரும் காட்சியில்தான் அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் பார்ப்பவர் அதை நாளைக்குச் செய்து பார்ப்பார். கடித்த ஐந்து விநாடியில் நுரை தள்ளிச் சாவது கிடையாது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார். அப்புறம் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு வாங்கும். கண்ணாடிவிரியன் என்றால் கடித்த இடம் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், ரத்தம் உறையாது. ஆஸ்பத்திரிக் காட்சிக்கு ஒரு நல்ல விவரம்: கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் கண்ணாடிவிரியன் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். அந்த 20 நிமிடக் காத்திருப்பே ஒரு காட்சி.

வாயால் உறிஞ்சித் துப்புவது, பிளேடால் கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மூன்றும் கெடுதல். கடிபட்ட கை காலை அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, 108-க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. விஷமுறிவு மருந்து ஒரு ஊசியில் முடியாது. தொடக்கமே 8 முதல் 10 குப்பி, டிரிப்ஸில் ஏற்றுவார்கள். நம் நாட்டு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும்தான். ராஜநாகக் கடிக்கு அது செய்யப்பட்டதில்லை. ஆகவே ராஜநாகம் கடித்தவரை டாக்டர் அந்த ஊசி போட்டு எழுப்பிவிடும் காட்சியை மாற்றி, மூச்சுக்கு வென்டிலேட்டர் வையுங்கள்.

சிறுத்தை, சுருக்கமாக

வீடியோ வாங்கும்போது புள்ளியைப் பாருங்கள். சிறுத்தைக்கு ரோஜாப்பூ போன்ற வளையம், உள்ளே வெறுமை. ஜாகுவாருக்கு வளையத்துக்குள் புள்ளி இருக்கும். சீட்டாவுக்கு முழுக் கறுப்புப் புள்ளி, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு. கருஞ்சிறுத்தை தனி இனம் இல்லை, நல்ல வெயிலில் அதன் உடம்பிலும் வளையம் தெரியும். குரல் சிங்கக் கர்ஜனை அல்ல. மரம் அறுக்கும் வாள் போய்த் திரும்புவது போல விட்டுவிட்டு வரும்.

சத்தம்

ரெடிமேட் சவுண்ட் லைப்ரரியில் "ஜங்கிள்" என்று போட்டு எடுத்தால் ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் கூகபுரா பறவை கட்டாயம் வரும். மேற்குத்தொடர்ச்சி மலையில் அது கிடையாது. அதைத் தூக்கிவிட்டு உள்ளூர்ச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்.

அணைக்கரைக்கு ஆள்காட்டிக் குருவி ஒன்றே போதும். இரவிலும் ஏதாவது நடமாடினால் அலறிக்கொண்டு எழும். முதல் முறை எழும்போது மேயும் மாடு காரணமாக இருக்கட்டும். இரண்டாவது முறை ஒன்றுமே தெரியக் கூடாது. மூன்றாவது முறை குருவி கத்தாமல் இருந்தால் என்ன ஆகும் என்று இயக்குநரிடம் கேட்டுப் பாருங்கள். வறண்ட மேட்டில் கண்கிலேடிப் பறவை இரவில் அழுவது போலக் கூவும். சிறுத்தை வருவதை மிளா மானும் மந்தியும் முன்கூட்டியே சொல்லும். முதலைக்குச் சிங்கக் குரல் ஒட்டாதீர்கள். சீறலும், அடித்தொண்டை உறுமலும், தலையைத் தண்ணீரில் அறையும் ஓசையும்தான் அதற்கு. குட்டிகள் முட்டைக்குள்ளிருந்தே கீச்சிடும், தாய் அதைக் கேட்டுத் தோண்டி எடுத்து, வாயில் வைத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகும்.

ஸ்பாட்டில் பார்க்க வேண்டியவை

அணை நீர்மட்டத்தைத் தினமும் குறியுங்கள். அமராவதியின் முழு அளவு 90 அடி, அன்றாட மட்டம் நாளிதழில் வரும். முதல் ஷெட்யூலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே சில அடி இறங்கினாலும் சாய்வான கரையில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, வெடித்த சேறும் பட்ட மரக்கட்டையும் வெளியே தெரியும். கதையில் ஒரே இரவு நடக்கும் காட்சிகளை ஒரே மட்டத்தில் முடியுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் விளிம்பை ஃபிரேமுக்கு வெளியே தள்ளுங்கள்.

நிலா. நள்ளிரவில் மெல்லிய பிறை வானத்தில் இருக்கவே முடியாது. வளர்பிறைக் கீற்று சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் மறையும், தேய்பிறைக் கீற்று விடியலுக்கு முன்தான் எழும். பௌர்ணமி நிலா பொழுது சாயும் நேரத்தில் கிழக்கே கிளம்பும். நம் ஊரில் பிறை பெரும்பாலும் படகு போலச் சாய்ந்து தெரியும். வெளிநாட்டு ஸ்டாக் ஷாட்டில் நிமிர்ந்து நிற்கும், ஒட்டினால் தெரிந்துவிடும். கதை நடக்கும் நாளுக்குத் திதி எழுதி, காலண்டரோடு ஒத்துப் பாருங்கள்.

ரத்தத்துக்கு அரைக் கிலோ லிக்விட் குளுகோஸ், 100 மில்லி வெந்நீர், இரண்டு டீஸ்பூன் சிவப்பு ஃபுட் கலர், ஒரு டீஸ்பூன் கோகோ பவுடர், ஒரு சொட்டு நீலம் என்று தொடங்கி, கேமராவில் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். கேசரி பவுடர் ஆரஞ்சாக அடிக்கும். கதையில் ஒரு மணி நேரம் கடந்தால் ஓரம் பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும், அதற்குக் கோகோவைக் கூட்டுங்கள். கலங்கிய அணைத்தண்ணீரில் ரத்தம் செக்கச்செவேல் என்று பரவாது, பழுப்பாகக் கரையும். இனிப்புக்கு எறும்பு வரும், டேக்குக்கு இடையே துடைக்க ஈரத்துணி வேண்டும். கடிபடும் உடை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று செட்: முழுசு, கிழிந்தது, கிழிந்து காய்ந்தது. கடி வலது காலா இடது காலா என்பதைக் கிளாப் ஷீட்டின் தலையிலேயே எழுதிவிடுங்கள். கண்ணாடி பார்த்து மேக்கப் போடும்போது பக்கம் மாறுவது சாதாரணமாக நடக்கும்.

வண்டி எண்ணில் பொள்ளாச்சிக்குத் தமிழ்நாடு 41, பாலக்காட்டுக்குக் கேரளா 09, இடுக்கிக்குக் கேரளா 06. சோதனைச் சாவடியின் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அதற்கேற்ப ஜீப்பும் சீருடைத் தோள்பட்டையும் மாற வேண்டும்.

அனுமதியும் அப்படியே. அமராவதி வனச்சரகம் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் வருகிறது, சின்னார் கேரள வனத்துறை கையில். ஒரு மாநில அனுமதி மறுபக்கம் செல்லாது. உயிருள்ள விலங்கு ஏதாவது ஃபிரேமில் வந்தால், அது வெறும் நாயாக இருந்தாலும், விலங்குகளை நடிக்க வைப்பது பற்றிய 2001 விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சதுப்புநில முதலை 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில், உள்ளது. மாசி முதல் வைகாசி வரை மணற்சரிவில் கேமரா ட்ராக் போடாதீர்கள், அடியில் முட்டை இருக்கலாம்.

எடிட்டிங் முடிந்த பின்

படத்தை மூன்று தடவை போட்டுப் பாருங்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் மட்டும்: அளவு, காயத்தின் பக்கம், நீர்மட்டம், நிலா. அடுத்து திரையை மறைத்துச் சத்தம் மட்டும்: எந்தப் பறவை, எந்த மிருகம், எந்த ஊர்ப் பேச்சு. மூன்றாவது தடவை அணையில் மீன் பிடிக்கிற ஒருவரையும், காட்டு வேலை தெரிந்த ஒருவரையும், பாம்புக்கடி பார்க்கிற நர்ஸ் ஒருவரையும் கூட்டி உட்கார வையுங்கள். நிறுத்தாமல் ஓட விடுங்கள், கேள்வி கேட்காதீர்கள். எந்த நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து பேசினார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். டப்பிங்கில் தீர்வதை டப்பிங்கில் தீருங்கள், சி.ஜி.யில் தீர்வதற்கு அந்தப் பைப் ஷாட்டைத் திரும்ப அனுப்புங்கள். இரண்டிலும் தீராததை வெட்டுங்கள்.